அறுபத்தைந்து விழுக்காடு

பெர்னாம்புகோவில்
அலையாத்திக் காட்டை வெட்டி, மணல் கொட்டி
அதன்மேல் எழுந்தது எங்கள் கப்பல் தளம்.
வாசல் பலகையில் பெரிய எழுத்து:
நம் எண்ணெய், நம் கப்பல், நம் கை.
அரசாணையில் சின்ன எழுத்து:
இரும்பிலும் உழைப்பிலும் அறுபத்தைந்து விழுக்காடு
பிரேசிலுடையதாக இருக்க வேண்டும்.

கை எங்கே என்று தேடினார்கள்.
கரும்பு வெட்டிய கை கிடைத்தது,
நண்டு பிடித்த கை, பேருந்தில் சீட்டுக் கிழித்த கை.
நான்கு மாதப் பயிற்சி, ஆளுக்கொரு முகமூடி.
முதல் சம்பளத்தில் எடிவானியா ஃபிரிட்ஜ் வாங்கினாள்.
உள்ளே வைக்கத் தண்ணீர்தான் இருந்தது.
தெருவே வந்து குடித்தது.

நான் எக்ஸ்ரே எடுப்பவன்.
இரவில் தளம் ஓய்ந்த பின்
வெல்டிங் தையல்களைப் படம் பிடித்து
விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்ப்பேன்.
கப்பலா அது?
புழு தின்ற கொய்யா.
சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போட்டேன்;
பழுது தீருமுன் சாக்பீஸ் தீர்ந்தது.
மேலாளர் ஒசெயாஸ் சொன்னார்:
"வெள்ளிக்கிழமை அமைச்சர் வருகிறார்.
வட்டத்தின் மேல் பெயிண்ட் அடியுங்கள்."

வந்தார். பட்டாளத்து பேண்டு வந்தது.
பாட்டில் முதல் அடியில் உடையவில்லை,
இரண்டாம் அடியிலும்.
மூன்றாவதில் உடைந்தபோது
நானும்தான் கத்தினேன். கண்ணில் நீர் வேறு.
மிதந்தது.
வெள்ளிக்கிழமைக்கு அது போதும்.

சனிக்கிழமை இழுபடகு அதைத் திரும்பக் கொண்டுவந்து கட்டியது.
இருபத்திரண்டு மாதம் நின்றது.
கொரியாவில் வாங்கியிருந்தால் பாதி விலை
என்று பத்திரிகைகள் சிரித்தன. உண்மைதான்.
எடிவானியா என் வட்டங்களைத் தேடிச் சுரண்டினாள்:
பெயிண்ட், அதன் கீழ் சிவப்பு,
அதன் கீழ் தன் கைப்பிசகு.
அரைத்தெடுத்து மறுபடி உருக்கினாள்.
ஓர் இரவு அவள் தையலின் பிலிமை விளக்கில் வைத்தேன்.
ஒரு புள்ளி இல்லை.
பிலிம்தான் பழுதோ என்று இன்னொன்று எடுத்தேன்.

கப்பல் போயிற்று. இன்றும் ஓடுகிறது.
எங்களுக்குக் கை வந்த அந்த மாதம்
எண்ணெய் விலை விழுந்தது, அமைச்சர் விழுந்தார்,
அடுத்த ஆறு கப்பல்களும்
காகிதத்திலேயே மூழ்கின.

இப்போது வேறு அரசு. பலகைக்குப் புதுப் பூச்சு,
அதே மூன்று 'நம்'.
ஆள் எடுக்கிறார்கள். வரிசை பாலம் தாண்டிவிட்டது.
எனக்குப் பின்னால் எடிவானியா,
என் முதுகையே மேசையாக்கிப் படிவம் நிரப்புகிறாள்.
பேனா அழுந்துவது தெரிகிறது, எழுத்து தெரியவில்லை.
அனுபவம் என்ற கட்டத்தில் என்ன எழுதினாய் என்றேன்.

"கப்பல் ஒன்று," என்றாள்,
"இரண்டு முறை."