கொக்கி

இரவு ஒன்று பத்து. ஹாய்ஃபோங் துறைமுகத்தில்
குளிர்ப்பெட்டிக்குள் பதினெட்டு டன் லிச்சி.
சான்றிதழ் திறந்தால்தான் வாயில் திறக்கும்.
கப்பல் நாலே முக்காலுக்கு.
சான்றிதழ் திறக்கவில்லை.

'அப்படியொரு கோப்பு இல்லை' என்கிறது சர்வர்.
லாக் முழுக்க அதே வரி.
கடன்காரன் வந்து நிற்கையில்
கதவிடுக்கில் வருமே ஒரு குரல்,
அதுபோல:
இல்லை. இல்லை. இல்லை.

அடைவைப் பட்டியலிட்டேன்.
இருக்கிறது.
நானூற்றுப் பன்னிரண்டு கேபி, நேற்று மாலை வந்தது,
பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரி.
அதே பெயரைத் தட்டித் திறக்கச் சொன்னேன்.
இல்லை என்றது.
திரும்பவும் பட்டியல். இருந்தது.

வட்டு நிரம்பிவிட்டதா? பாதி காலி.
பாதையில் ஒரு சாய்கோடு விட்டுப்போனதா? இல்லை.
ஹியெப் நாற்காலியைத் திருப்பாமலே சொன்னான்:
"எல்லாருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிடு."
எந்த நோய்க்கும் அவன் தரும் ஒரே மாத்திரை.
கொடுத்தேன், யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்துக்கொண்டு.
பயனில்லை. திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இதில் வேடிக்கை,
சோதனைக்கு நான் ஏற்றிய கோப்பு
ஒவ்வொரு முறையும் பளிச்சென்று திறந்தது.
அதற்கு நான் வைத்த பெயர் டெஸ்ட்.
கொக்கியில்லாத, புள்ளியில்லாத,
எந்தத் தோட்டத்திலும் காய்க்காத பெயர்.

இரண்டு இருபதுக்கு லுவாவை எழுப்பினேன்.
தான்ஹா கூட்டுறவில் கணக்கு பார்ப்பவள்;
மூன்று வருஷமாக அவள் அனுப்பிய எதுவும் சிக்கியதில்லை.
"என்ன மாற்றினீர்கள்?"
"ஒன்றுமில்லை."
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
"மடிக்கணினி மட்டும். செவ்வாய்க்கிழமையிலிருந்து.
அண்ணன் மகன் புதுசு வாங்கியதும் தன் பழசைத் தந்தான்,
ஆப்பிள் படம் போட்டது."

லிச்சிக்கு எங்கள் மொழியில் மூன்றே எழுத்து.
நடு எழுத்தின் தலையில் சின்னதாய் ஒரு கொக்கி.
கொக்கியை எடுத்தால் அது தோள்.
என் சர்வரின் அட்டவணையில்
கொக்கி எழுத்தோடு ஒட்டிப் பிறந்தது.
அவள் கணினியில்
எழுத்து முன்னே நடக்க, கொக்கி பின்னாலேயே வந்து
தலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது.
திரையில் இரண்டும் ஒரே முகம்.
நீளத்தை அளந்தேன், அதுவும் ஒன்றே:
இதற்கும் மூன்று பைட், அதற்கும் மூன்று பைட்.
உள்ளே இருக்கும் எண்கள்தான் வேறு.

கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள்;
தீர விசாரிக்கச் சொல்வார்கள்.
எவ்வளவு தீர என்று யாரும் சொல்லவில்லை.
பைட் பைட்டாக, என்று இப்போது நான் சொல்வேன்.

மருந்து ஒரே வரி:
பெயர் எந்த வழியாக வந்தாலும்
வாசலிலேயே கொக்கியை எழுத்தோடு ஒட்டிவிடு.
செவ்வாயிலிருந்து வந்த முப்பத்தேழு கோப்புகளுக்கும்
பெயர் மாற்றினேன். ஒன்றும் மாறாதது போலத்தான் இருந்தது.
பட்டியல் முன்பு எப்படியோ அப்படியே.
அதற்காகவா இத்தனை நேரம் என்றான் ஹியெப்,
எட்டிப் பார்த்து.

மூன்று ஐம்பத்தொன்று. சான்றிதழ் திறந்தது.
கேமராவில் வாயிற்கட்டை உயர்ந்தது, லாரி நகர்ந்தது;
டிரைவர் ஜன்னல்வழி எதையோ துப்பினான்,
லிச்சிக் கொட்டையாக இருக்கலாம்.

லுவா கேட்டாள்: "நான் தப்பாக எழுதினேனா?"
இல்லை அக்கா, சரியாகத்தான் எழுதினீர்கள்.
நானும் சரியாகத்தான் எழுதினேன்.
இதை எந்த லாக்கில் போடுவது?

விடியும்போது அவளிடமிருந்து ஒரு செய்தி.
நன்றி, கீழே அவள் பெயர்.
அதன் நடு எழுத்துக்கு அடியில் ஒரு புள்ளி உண்டு.
தனியாக வந்த புள்ளியா, கூடவே பிறந்ததா?
விரல் விசைவரை போனது.
பார்க்கவில்லை. தேநீர் போட எழுந்தேன்.