க்ளெனிஸின் இடைவெளி

நான் ஒலிக்காரன்.
முகங்களை மறந்துவிடுவேன்,
இருமல்களை மறந்ததில்லை.

க்ரிம்ஸ்பி. மீன் ஏலக் கூடத்துக்குப் பின்னால்
தொழிலாளர் கிளப்.
வெள்ளி இரவு, ஒரு பிங்கோவுக்கும் மறு பிங்கோவுக்கும் நடுவே
க்ளெனிஸ் தர்ல்பிக்குப் பதினைந்து நிமிடம்,
இருபது பவுன், ஒரு தட்டு சிப்ஸ்.
பகலில் அவளுக்கு மீன்விரல் தொழிற்சாலையில் ரொட்டித்தூள் பிரிவு.
மேடை வெளிச்சத்தில் புருவத்தில் அது மினுங்கும்.
"என்னம்மா, ஒப்பனையா?" என்றான் முன்வரிசைக்காரன்.
"இன்னும் பொரிக்கவில்லை" என்றாள்.
முகத்தில் ஈயாடவில்லை.

அவளிடம் ஒரு ஜோக் இருந்தது.
இருபத்திரண்டு வருடம் அதில்தான் அடுப்பெரிந்தது:
"என் வீட்டுக்காரர் டெஸ்மண்ட் மீன் லாரி ஓட்டுகிறார்.
ராத்திரி வந்தால் வாசலுக்கு ஓடிவந்து கட்டிக்கொள்வது
நான் இல்லை,
தெருப் பூனைகள்."

கூடம் அதிரும். அடங்கும்.
அவள் அடுத்ததற்குப் போகமாட்டாள்.
நிற்பாள்.
ஒன்று. இரண்டு. மூன்று.
என்ன துணிச்சல் என்பார்கள் மற்ற ஜோக்காரர்கள்.
இளசுகள் கைக்கடிகாரம் வைத்துப் பழகினார்கள்.
ஒருவனுக்கும் பருப்பு வேகவில்லை.

ஸ்கன்தார்ப்பில் ஒரு கல்யாண வரவேற்பு.
மாப்பிள்ளை வரவில்லை.
கூலி கொடுத்தாயிற்று, பேசு என்றார் பெண்ணின் அப்பா.
பேசினாள்.
மணப்பெண் மட்டும் சிரித்தாள்.

டெஸ்மண்ட் செத்தது ஒரு செவ்வாய்க்கிழமை,
ஹல் போகும் சாலையில்,
லாரியை ஓரங்கட்டி, இண்டிகேட்டர் போட்டுவிட்டு.
அடுத்த வெள்ளி அவள் மேடைக்கு வந்தாள்.
"ஓட்டுகிறார்" என்றாள். நிகழ்காலம்.
அடக்கத்துக்கு வந்த அதே பாதி ஊர்
சிரிக்கலாமா என்று பக்கத்து முகத்தைப் பார்த்தது.
ஒன்று. இரண்டு. மூன்று.
மழைக்கு ஒதுங்கிய ஒரு டென்மார்க்காரி
கதவருகே ஈரக் கோட்டோடு நின்றிருந்தாள்.
படம் எடுப்பவளாம்.

படத்தில் க்ளெனிஸ், கடல் கொண்டுபோனவனின் மனைவி.
தாளில் இருந்த ஒரே சொல்: அலறுகிறாள்.
தொலைபேசியை வைத்தாள்.
ஒலிவாங்கியை அவள் தலைக்குமேல் நான்தான் பிடித்திருந்தேன்.
அலறவில்லை.
ஒன்று. இரண்டு. மூன்று.
"பூனைகளுக்கு யார் சொல்வது?" என்றாள்.

கட் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.
ஃபிரிட்ஜ் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.
அணைக்க மறந்தது என் தப்பு.
இன்றைக்கும் அந்தப் படத்தில் அது கேட்கிறது.

அறுபத்தோராம் வயதில் கண்டெடுக்கப்பட்டாள்
என்று எழுதினார்கள்,
அதுவரை தொலைந்துபோயிருந்தவள் மாதிரி.
பிறகு ஒன்பது போலீஸ் தொடர்கள், ஒன்பது பிணவறைகள்.
துணியை விலக்குவார்கள்; இவள் தலையாட்டுவாள்.
"இங்கிலாந்தில் சாகிற பிள்ளையெல்லாம்
நான் பெற்றதுதான்" என்பாள்,
கேரவனில் கால் நீட்டி,
செருப்பைத் தேடிக்கொண்டே.

ஒருமுறை கிளப்புக்குத் திரும்பினாள்.
எழுந்து நின்று கைதட்டினார்கள். நாற்காலி போட்டார்கள்.
பிங்கோ இயந்திரத்தைத் துணிபோட்டு மூடியிருந்தார்கள்.
ஜோக்கைச் சொன்னாள்.
யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்.
"கல்லால் அடித்திருக்கலாம்" என்றாள் காரில்.
அப்புறம் வீடுவரை பேசவில்லை.

போன குளிர்காலம், நள்ளிரவு கழிந்து போன்.
"பழைய நாடா ஏதாவது வைத்திருக்கிறாயா?"
ஒரு கேசட் இருந்தது, எண்பத்தெட்டாம் வருடத்தது.
ரிசீவரை ஸ்பீக்கரோடு சேர்த்துப் பிடித்தேன்.
லாரி. வாசல். பூனைகள்.
கூடம் அதிர்ந்தது, அடங்கியது.
ஒன்று.
இரண்டு. (பக்கத்து ஆள் யாருக்கோ
சத்தமாய்த் திருப்பிச் சொல்கிறான்)
மூன்று.
இடது மூலையில், தனியாக,
குளிரில் கிளம்பாத இன்ஜின் போல
முக்கி முக்கி
ஒரு ஆணின் சிரிப்பு.

லாரி அவருடைய ஒரு காதைத் தின்றிருந்தது
என்பது எனக்குத் தெரியும். ஊருக்கே தெரியும்.
எத்தனையோ வெள்ளிகள் அந்த மூலையில்தான்
மைக் வைத்திருந்தேன்.

மறுமுனையில் சத்தமில்லை.
அப்புறம், "நிறுத்திவிடாதே,
அடுத்தது இதைவிட நன்றாயிருக்கும்" என்றாள்.

நாடாவில் யாரோ
சிப்ஸ் வந்தாச்சு என்று கத்த,
நாற்காலிகள் எல்லாம் ஒரேயடியாக இழுபட்டன.