ஏழு தரம்

பதினாலாம் வளைவில், சில்வர் ஓக் மரத்தடியில்
அவரைக்காய்க் கூடையோடு பஸ்ஸுக்கு நின்றவள்
எண்ணியிருக்கிறாள்.
"ஏழு தரம் மேல போச்சுங்க,
ஏழு தரம் கீழ வந்துச்சு.
வெளக்கு போடலைங்க. நெலா வெளிச்சம்."
பெயர் வெள்ளச்சி.
மைப்பெட்டியைத் தள்ளிவிட்டுக் கையெழுத்தே போட்டாள்,
எழுத்தெழுத்தாக,
பேனாவுக்கு வலிக்கும் என்பதுபோல.

பந்தயத்துக்கு முந்தைய இருபத்தொரு நாள்
மலைச்சாலையில் சோதனை ஓட்டம் கூடாது.
விதி நாலு, உட்பிரிவு இரண்டு.
எழுதியவர்களில் நானும் ஒருவன்.
டயர் வாங்க ஒருவனிடம் காசிருக்கும், ஒருவனிடம் இருக்காது,
வளைவுகளாவது எல்லோருக்கும்
ஒரே அளவு புதிதாக இருக்கட்டும் என்று எழுதினோம்.
அப்போது அது சுலபமாக இருந்தது.

ஐந்து ரோடு ஓட்டலில் விசாரணை.
ருத்ரமூர்த்தி அணியின் வக்கீல் சொன்னார்:
ஓடியது போன வருட வண்டி.
ஓட்டச் சொன்னது டயர் கம்பெனி.
தவிர, உங்கள் செயலாளருக்குப் போன் செய்தோம்,
அவர் 'ம்' என்றார்.
செயலாளர் தண்ணீர் டம்ளரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.
அந்த 'ம்' சம்மதமா, தூக்கக் கலக்கமா என்று
முக்கால் மணி நேரம் பேசினோம்.
தட்டுவடை செட் வந்தது.
வக்கீலுக்குக் காரம் தாங்கவில்லை.

தீர்ப்பு, இரண்டுக்கு ஒன்று:
எழுத்துமூலக் கண்டனம்,
சனிக்கிழமைப் பயிற்சி ஓட்டத்துக்குத் தடை.
விருந்து முடித்துக் கைகழுவியவனுக்கு
ஒருவேளைப் பட்டினி.
அந்த ஒன்று நான்.
மறுப்பைத் தாளின் பின்பக்கம் எழுதச் சொன்னார்கள்,
முன்பக்கம் இடமில்லையாம்.

சனிக்கிழமை மற்றவர்கள் ஓட்டிப் பழகினார்கள்
உச்சி வெயிலில், தலைக்கு இரண்டு ஓட்டம்.
பந்தயம் ஞாயிறு விடிகாலை.
பாறைக்கசிவு பதினாலாம் வளைவில்
விடிகாலையில் மட்டும் சாலையைக் கடக்கும்.
ருத்ரமூர்த்தியின் ஆள் அங்கே
அரை அடி உள்ளே ஒதுங்கிப் போனான்,
வீட்டு வாசலில் செருப்பைத் தாண்டுகிறவன் மாதிரி.
குகை லேத் பட்டறைக்காரர்களின் வண்டிக்கு அது தெரியாது.
பின்பக்கம் வீசிச் சுவரை உரசி நின்றது.

ஓட்டியவள் ஹன்சா. நேராக என்னிடம் வந்தாள்.
கோப்பையைப் பறிக்கச் சொல்வாள் என்று
பிரிவு எண்களை மனதில் எடுத்து வைத்தேன்.
"கோப்பை அவங்ககிட்டயே இருக்கட்டும் சார்.
எங்களுக்கும் ஏழு தரம் குடுங்க.
அதே நேரத்துல."

புத்தகத்தை அன்றிரவு முழுசாகப் படித்தேன்.
அபராதம், புள்ளிக் குறைப்பு, நீக்கம், ஆயுள் தடை.
பறிப்பதற்குப் பதினோரு பிரிவு.
கொடுப்பதற்கு ஏதும் எழுதி வைக்கவில்லை நாங்கள்.
அடுத்த கூட்டத்தில் சொன்னேன்.
"நல்ல யோசனை" என்றார்கள். குறிப்பில் ஏறவில்லை.

சாட்சிப்படி நூற்றைம்பது ரூபாயை
நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
இருட்டு பிரியவில்லை. சுவரில்
வெள்ளிப் பெயின்ட் கீறல், மேலே குரங்கு ஒன்று.
வெள்ளச்சி பணத்தை எண்ணி முடிந்துகொண்டு கேட்டாள்:
"அன்னிக்கு ரெண்டு பக்கமும் வேனை நிறுத்தி
மொத பஸ்ஸை மேலயே மறிச்சுட்டாங்க.
சந்தைக்குப் போறதுக்குள்ள வெயில் ஏறிப்போச்சு,
காய் பாதி வெலைக்குத்தான் போச்சு.
அதை யாருகிட்டங்க கேக்கணும்?"

அவள் வாக்குமூலத்தில் அந்த வரி இல்லை.
எடுத்தது நான்தான்.
கேட்டிருப்பேனா, எழுதாமல் விட்டேனா,
இப்போதும் நினைவில்லை.

பஸ் திரும்பும் சத்தம்.
கூடையைத் தூக்க ஒரு கை கொடுத்தேன்.
நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.