மூன்றாம் வரிசை, ஓரம்

பத்தொன்பது வருஷம்
குரல்தான் எனக்குச் சோறு.
பள்ளத்தூர்த் திருவிழாவில் மைக் செத்த இரவிலும்
கோடியில் நின்ற ஐஸ் வண்டிக்காரன்
திரும்பிப் பார்த்தான்.

இப்போது புதுவயலில்,
மூடிக்கிடக்கும் அரிசி ஆலைக் களத்தில்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.
"அடைக்கலம், கத்தாதே.
அவள் போய்விட்டது உனக்கு இன்னும் தெரியாது."
அவன் மெதுவாகச் சொல்கிறான்.
தொண்டை எனக்கு வலிக்கிறது.

உமையாள் கதவைத் திறக்க
நாலெட்டு என்று சாக்பீஸில் போட்டிருந்தேன்.
அவள் ஆறெட்டு வைத்தாள்.
முதல் நாள் திட்டினேன்.
மூன்றாம் நாள் கோட்டை அழித்தேன்,
காலாலேயே,
டீ வாங்க எல்லோரும் போயிருந்தபோது.

பக்கத்து ஆலைச் சங்கு
ஆறரைக்கு வசனத்தின் மேல் விழும்.
ஆலையை நிறுத்தச் சொல்ல நான் யார்?
அந்த இடத்தில் அடைக்கலத்தைப்
பேசாமல் நிற்கவைத்தேன்.
அங்கேதான் அழுகிறார்கள்.

நாடகம் முடிந்து
நாற்காலி அடுக்கும்போது ஒருவர் கேட்டார்:
"ராஜபார்ட் கட்டுவீகளே, நீங்கதானே?
இதுல எங்க வந்தீக?"

"கதவு திறக்க
ரெண்டெட்டு தாமசமாச்சுல்ல,
அங்க."

அவர் யோசித்துக்கொண்டே
இன்னொரு நாற்காலியைத் தூக்கினார்.