ஆறாத தண்ணீர்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, தீக்காய வார்டு, ஏழாம் கட்டில்.
மானூர் லைன்மேன் கொம்பையா, வயது முப்பத்தி நாலு.
இரண்டு கையும் முழங்கைக்கு மேல்வரை
பஞ்சும் துணியுமாய்த் தலையணைமேல்,
யாரோ மறந்து வைத்துப்போன பொட்டலங்கள்.

கூட இருந்த மச்சினன் டீக்கடைக்குப் போயிருந்தான்.
உடம்பு துடைக்கிற ஆண் ஊழியர் லீவு.
"நான் துடைக்கட்டுமா, இல்ல
அவுக வார வரைக்கும் பாப்பமா?"
விட்டத்தைப் பார்த்தபடி
"எப்பிடின்னாலும் சரி சிஸ்டர்" என்றார்.
ஒன்பது நாள் வேர்வை உப்பு.

திரையை இழுத்தேன். கடைசி வளையம் எப்போதும் சிக்கும்;
அதற்கென்றே ஒரு கிளிப் வைத்திருக்கிறேன்.

கழுத்து, நெஞ்சு, விலா.
துடைக்கும் இடம் மட்டும் திறந்து
மற்றதெல்லாம் போர்வைக்குள்.
இடுப்புக்குக் கீழே வந்தபோது
உடம்பு தன்பாட்டுக்கு விழித்துக்கொண்டது,
அவரைக் கேட்காமல்.

மூடிக்கொள்ள ஒரு கை இல்லை அந்த முகத்துக்கு.
கண்ணைத்தான் மூட முடிந்தது.

போர்வையை நெஞ்சுவரை ஏற்றினேன்.
"தண்ணி ஆறிட்டு. வெந்நி எடுத்துட்டு வாரேன்,
பத்து நிமிசம் ஆவும்."

வாளியில் ஆவி பறந்துகொண்டிருந்தது.
அதோடே வராந்தாவில் நின்றேன்.
கீழே வேப்பமரத்தடியில் யாரோ
புளிச்சோற்றுப் பொட்டலம் பிரித்தார்கள்.
டூட்டி மாற வந்த ஷீபா சிரிப்பை அடக்கி
"என்னட்டி, ஓடி வந்துட்ட?" என்றாள்.
"தண்ணி ஆறிட்டு" என்றேன் அவளிடமும்.
வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.
சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போனாள்.

திரைக்கு வெளியில் நின்று இருமினேன்.
"வரலாமா?"
"வாங்க."
பாதத்திலிருந்து தொடங்கினேன்.
"எங்க தெருவுல சாயங்காலமானா
லைட்டு கூடிக் கூடிக் குறையுது.
ஒரு டிவி போயிட்டு. அது எதனால?"

ரொம்ப நேரம் பேச்சில்லை. பிறகு,
"நியூட்ரல் லூசா இருக்கும்.
ஒங்க வீட்டுல மட்டுமா, தெரு பூராவுமா?"
"பூராவும்."
"அப்பம் கம்பத்துலதான். சும்மா விட்டுராதிய.
நாளைக்கே எழுதிக் குடுங்க, ஃபிரிட்ஜையும் தின்னுரும்."
வலது கட்டு எழுந்து
காற்றில் ஒரு கம்பத்தை வரைந்தது.
வலித்திருக்கும். வரைந்து முடித்துத்தான் இறக்கினார்.

நோட்டில் எழுதினேன்: உடல் துடைக்கப்பட்டது.
முதுகில் புண் இல்லை. நோயாளி பேசினார்.

வாளியைக் கொட்டும்போதுதான் உறைத்தது:
வெந்நீர் என்று நான் கொண்டுபோன தண்ணீர்
முன்னதைவிட ஆறியிருந்தது.
கொம்பையாவின் கால் அறிந்திருக்கும்.
அவர் சொல்லவில்லை.