பதில் இல்லை

அக்டோபர் முழுக்க வருகைப் பதிவேட்டின் ஓரத்தில்
பென்சிலால் எழுதிவந்தேன்:
குனுக் – பதில் இல்லை.
அவியாயா – பதில் இல்லை.
இவாலு – பதில் இல்லை. இரண்டு முறை கேட்டேன்.

கோபன்ஹேகனிலிருந்து நான் கொண்டுவந்தவை
நாற்பது படக்கதைப் புத்தகங்கள்,
ஒரு பெட்டி வண்ணச் சாக்பீஸ்,
மூக்கில் நிற்காத ஒரு கண்ணாடி.

உப்பர்நாவிக் பள்ளியின் ஜன்னலுக்கு வெளியே
வீட்டளவு பனிப்பாறைகள் வந்தன,
சில நாள் நின்றன, போயின.
அவையும் சொல்லிக்கொண்டு போகவில்லை.

"புரிந்ததா?"
பதினோரு முகங்கள்.
"யாருக்காவது தண்ணீர் வேண்டுமா?"
பதினோரு முகங்கள்.
"கடல்நாய்க்கு எத்தனை துடுப்பு, யாருக்குத் தெரியும்?"
அதைத் தினமும் பார்க்கும் பிள்ளைகள்
வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தார்கள்.
நான் பலகைக்குத் திரும்பி
நானே எழுதிக்கொண்டேன்.

குனுக்கின் அப்பாவை வரவழைத்தேன்.
"வீட்டிலாவது பேசுவானா?"
மீன்வாடை வீசும் ஜாக்கெட்டோடு
அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்.
அவரும் அப்படித்தான்.

கல்வி அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினேன்:
மொழித்திறன் வயதுக்குக் குறைவு,
பேச்சுப் பயிற்சியாளர் ஒருவர் உடனே தேவை.
மூடுபனி. ஹெலிகாப்டர் வரவில்லை.
கடிதம் மேசையிலேயே கிடந்தது.

நவம்பர் நடுவில் சூரியன் போனது.
அடுத்த வாரம், கழித்தல் கணக்கின் நடுவே,
மின்சாரமும் போனது.

அப்படி ஓர் இருட்டு.
என் கை எனக்குத் தெரியவில்லை.
பயத்தை மறைத்துக் கேட்டேன்:
"எல்லோரும் இருக்கிறீர்களா?"

"ஆப்!"
"ஆப்!" "ஆப்!"
இடப்பக்கம் ஒன்று, பின்வரிசையில் இரண்டு,
கரகரத்தது ஒன்று, விசில் போல் ஒன்று.
ஆமாம், ஆமாம் என்று
பதினோரு குரல்களையும்
முதல்முறையாக அன்றுதான் கேட்டேன்.

இழுப்பறையைத் துழாவி டார்ச்சைப் பொருத்தினேன்.
மறுபடி மௌனம்.
"இருக்கிறீர்கள்தானே?"
வெளிச்சத்தை வரிசையாக நகர்த்தினேன்.
அவியாயாவின் புருவங்கள் மேலே ஏறி இறங்கின.
குனுக்கின் புருவங்கள்.
இவாலுவின், முடியே இல்லாதது போன்ற
அந்த மெல்லிய புருவங்கள்.

அக்டோபர் முழுக்க
என் நெற்றிக்கு எதிரே
பதில்கள் பறந்துகொண்டிருந்திருக்கின்றன.
நான் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்படியானால் இல்லை என்பதற்கு?"
பதினோரு மூக்குகள் சுளித்தன.
எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரித்ததில் கண்ணாடி இறங்கியது.
வழக்கம்போல் மூக்கைச் சுளித்து
அதை மேலே ஏற்றினேன்.

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை.

இவாலு எழுந்து வந்தாள்.
சிறிய டேனிஷில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து,
"டீச்சர் ஏன் எப்போதும்
எங்களுக்கு இல்லை சொல்கிறீர்கள்?" என்றாள்.

அவள் வரைந்து நீட்டிய திமிங்கிலத்தை
நான் குனிந்து பார்த்தது நினைவு வந்தது.
"அழகாக இருக்கிறது" என்றுதான் சொன்னேன்.
மூக்கு வேறு சொல்லியிருக்கிறது.
குனுக்கின் கூட்டலுக்கு, சரியான விடைக்கு,
வெளியே போகலாமா என்ற கண்களுக்கு,
முதல் நாள் வாசலில் நின்று
உள்ளே வரலாமா என்று பார்த்த ஒவ்வொருவருக்கும்
இல்லை, இல்லை, இல்லை.

மறுநாள் குனுக்கின் அப்பா வந்தார்.
தூண்டில் நரம்பை இரண்டு முழம் வெட்டி
கண்ணாடியின் காதுகளில் கட்டி
என் தலைக்குப் பின்னால் முடிச்சிட்டார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
நன்றாகப் பேசிக்கொண்டோம்.

பதிவேட்டின் ஓரத்தை ரப்பரால் அழித்தேன்.
பென்சில் போனது, அழுத்தம் போகவில்லை.
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்
இன்னும் படிக்கலாம்.

பிப்ரவரியில் மகள் தொலைபேசியில் அழைத்தாள்.
கோபன்ஹேகனில் மழையாம்.
"கோடைக்கு வந்துவிடுவாய்தானே, அம்மா?"

சொன்னேன்.

"அம்மா? லைனில் இருக்கிறாயா?
ஏன் பதிலே இல்லை?"