இடக்கை

அப்பா இறந்த பதினோராம் நாள்
வக்கீலிடமிருந்து கடிதம்.
பட்டம் எனக்கில்லை.
ஆண்வழிக்கு மட்டுமாம்.
சாஸ்கட்டூனில் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும்
லோர்ன், பெரிய தாத்தாவின் தம்பிவழிப் பேரன்,
போன செவ்வாய்க்கிழமையிலிருந்து
சர் லோர்ன் கெல்டர்பி,
பன்னிரண்டாம் பாரனெட்.
அவனுக்கு இன்னும் தெரியாது.

முதலாமவர் கம்பளி வியாபாரி.
அரசனுக்குக் காசு முடை.
ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து பவுண்டு, மூன்று தவணை.
எலி தின்றதுபோக மிச்ச ரசீது இருக்கிறது.
கேடயத்தில் வரைந்துகொள்ளச்
சிவந்த கை ஒன்றும் தந்தார்கள் பிற்பாடு.
கொடுத்துக் கொடுத்துச் சிவந்த கையல்ல,
கொடுத்து வாங்கிய கை.
அதுவும் இடக்கை.

மூன்றாமவர் இருபத்திரண்டு வருடம் நாடாளுமன்றத்தில்.
எழுந்து பேசியது ஒரே தடவை, டர்னிப்பைப் பற்றி.
ஆதரித்தாரா எதிர்த்தாரா என்று
குறிப்பெடுத்தவனுக்கே விளங்கவில்லை.

ஐந்தாமவர் கரும்புத் தீவொன்றுக்கு ஆளுநர்.
அவர் கணக்கேட்டைப் பன்னிரண்டு வயதில் திறந்தேன்.
செப்புக் கொப்பரை ஆறு.
கோவேறு கழுதை பதினான்கு.
ஃபீபி, வயது ஒன்பது, இருமல் உண்டு.
அந்த வரிக்குக் கீழே
இன்றுவரை நான் படித்ததில்லை.

எட்டாமவர் சிறைகளின் ஆய்வாளர்.
கைதியின் கஞ்சியில் ஒரு கரண்டி
குடித்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.
முப்பத்தொன்பதாவது சிறையில் காய்ச்சல் கண்டு போனார்.
தேவாலயச் சுவரில் அவருக்கு ஒரு சாண் பலகை.
ஆளுநருக்கோ, சிறகு வைத்த இரண்டு பளிங்குப் பிள்ளைகள்
இன்னமும் அழுகிறார்கள்.
ஈஸ்டருக்கு முன்னால் அவர்கள் மூக்கைத் துடைப்பது
எங்கள் வீட்டு முறை.

பத்தாமவர் பதினேழு நாள் மந்திரி. போகட்டும்.

அப்பா நான்கு தேர்தலில் நின்றார்,
நான்கிலும் கட்டுத்தொகை போயிற்று.
பிறகு நடமாடும் நூலகத்து வேன் ஓட்டினார்.
யாராவது 'சர்' என்றால்
வாத்தியார் எங்கே என்று பின்னால் திரும்பிப் பார்ப்பார்.

லோர்னிடமிருந்து பதில் வந்தது:
'சம்பளம் உண்டா? வேலை என்ன?
வேண்டாமென்றால் யாரிடம் திருப்பித் தருவது?'

எழுதினேன்:
சம்பளம் இல்லை. வேலை இல்லை.
திருப்பித் தர ஆளும் இல்லை.
வாரிசென்று நிரூபிக்காமல் விட்டால் அது பாட்டுக்குத் தூங்கும்.
தூங்கட்டும் என்றும் எழுதி,
அதை மட்டும் அடித்தேன்.
அடித்தது தெரியத்தான் செய்தது.

ஃபீபியைப் பற்றி எழுதலாமா என்று
பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தபோது ஃபோன்.
நான் வடிகால் வாரியத்தில் உறுப்பினர்,
பதினோரு வாக்கில் ஜெயித்தவள்.
லிங்கன்ஷயரின் இந்தப் பக்கத்தில்
கடல் எங்கள் ஜன்னலைவிட உயரம்.

மூன்றாம் மதகு இறுகிவிட்டதாம்.
ஓதம் ஏறுவது இரண்டு மணிக்கு.
மோட்டார் செத்துவிட்டது,
சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும்.
வெளியே ஆலங்கட்டி கலந்த மழை.

டார்ச் கிடைத்தது, பூட்ஸ் கிடைத்தது.
அப்பாவின் கோட்டுப் பையைத் துழாவினால்
வலக்கை உறை மட்டும்.